கூஸ் முழங்கால் வினாப்படிவம்: பர்மாத் தமிழரிடம் பயன்படுத்த ஏற்றதா?

முட்டி வலிக்குச் செய்த சிகிச்சை பலித்ததா என்பதை எக்ஸ்ரே சொல்லாது. படத்தில் மூட்டு நன்றாகத் தேய்ந்திருப்பவர் கடைத்தெருவுக்கு நடந்து போய் வருவார். படத்தில் பெரிதாக ஒன்றும் தெரியாதவர் மாடிப்படி இறங்க முடியாமல் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு நிற்பார். அதனால்தான் நோயாளியிடமே கேட்டு எண்ணாக மாற்றித் தரும் வினாப்படிவங்கள் வந்தன. ரங்கூன், தட்டோன், மோல்மேன் பக்கம் தமிழ் நோயாளிகளைப் பார்க்கும் பிசியோதெரபிக்காரர்களுக்கும், கோயில் மண்டபங்களில் மருத்துவ முகாம் நடத்துபவர்களுக்கும் எங்கள் பரிந்துரை கூஸ் (KOOS) என்ற முழங்கால் வினாப்படிவம்தான். ஆனால் வேறு நாட்டுத் தமிழருக்காகச் செய்த தாள் ஒன்று கைக்குக் கிடைத்தால் அதை அப்படியே நகலெடுத்துக் கொடுத்துவிடாதீர்கள். ஏன் என்பதைத்தான் இங்கே விரிவாகச் சொல்கிறோம்.

கூஸை சுவீடனைச் சேர்ந்த ஈவா ரூஸும் அவருடைய குழுவும் உருவாக்கி 1998இல் வெளியிட்டார்கள். மொத்தம் 42 கேள்விகள்: வலி 9, அறிகுறிகளும் விறைப்பும் 7, அன்றாட வேலைகள் 17, விளையாட்டும் கடின அசைவுகளும் 5, வாழ்க்கைத் தரம் 4. ஒவ்வொன்றுக்கும் ஐந்து பதில்கள், 0 முதல் 4 வரை. எழுதப் படிக்கத் தெரிந்தவர் பத்து நிமிடத்தில் முடித்துவிடுவார். காசு இல்லை, உரிமக் கட்டணமும் இல்லை. இது சின்ன விஷயமல்ல. இதே வேலைக்கு முன்பிருந்தே பயன்படும் வோமாக் (WOMAC) படிவத்துக்கு உரிமம் வாங்க வேண்டும். அந்த வோமாக்கின் 24 கேள்விகளும் கூஸுக்குள்ளேயே இருப்பதால், பழைய வோமாக் ஆய்வுகளோடு ஒப்பிடவும் கூஸ் போதும்.

புள்ளி போடுவது எளிது. ஒரு பகுதியில் பதில் வந்த கேள்விகளின் சராசரியை எடுத்து, 100ஆல் பெருக்கி, 4ஆல் வகுத்து, 100இலிருந்து கழிக்க வேண்டும். 100 என்றால் முட்டியால் தொல்லையே இல்லை, 0 என்றால் உச்சத் தொல்லை. பாதிக் கேள்விகளுக்காவது பதில் இருந்தால்தான் அந்தப் பகுதியைக் கணக்கிடலாம்: வலியில் 5, அறிகுறியில் 4, அன்றாட வேலையில் 9, விளையாட்டில் 3, வாழ்க்கைத் தரத்தில் 2. ஐந்து பகுதிக்கும் ஐந்து எண்கள். இவற்றைக் கூட்டி ஒரே எண்ணாகச் சொல்லும் வழக்கம் பல இடங்களில் இருக்கிறது, அது தவறு. மூட்டு மாற்று அறுவை முடிந்த அறுபது வயதுக்காரருக்கு வலிப் பகுதி நன்றாக ஏறும், விளையாட்டுப் பகுதி அந்த அளவுக்கு ஏறாமல் போகலாம். இரண்டையும் கலந்தால் இரண்டும் தெரியாமல் போகும்.

இன்னொன்றையும் மனதில் வைக்க வேண்டும். கேள்விகள் குறைவான பகுதியில் ஒரு கேள்விக்கு ஒரு படி மாறினாலே எண் பெரிதாக நகரும். வாழ்க்கைத் தரத்தில் ஒரு படி என்பது 6.25 புள்ளி, அன்றாட வேலையில் 1.5 புள்ளிக்கும் குறைவு. “வாழ்க்கைத் தரம் 6 புள்ளி கூடிவிட்டது” என்று யாராவது சந்தோஷப்பட்டால், ஒரே ஒரு டிக் ஒரு கட்டம் தள்ளி விழுந்திருக்கிறது என்றுதான் அர்த்தம்.

படிவத்தில் மிகவும் ஆபத்தான இடம் அறிகுறிப் பகுதியின் நான்காம், ஐந்தாம் கேள்விகள். முதல் மூன்றும் தொல்லையைக் கேட்கின்றன: வீக்கம் இருக்கிறதா, முட்டிக்குள் சத்தம் கேட்கிறதா, அசைக்கும்போது மாட்டிக்கொள்கிறதா. அடுத்த இரண்டும் திறனைக் கேட்கின்றன: முழுதாக நீட்ட முடிகிறதா, முழுதாக மடக்க முடிகிறதா. அதனால் பதில் வரிசையும் திரும்பிவிடுகிறது. முதல் மூன்றில் “ஒருபோதும் இல்லை” 0, இந்த இரண்டில் “எப்போதும்” 0. முதல் மூன்றுக்கும் “இல்லை, இல்லை” என்று சொல்லிக்கொண்டு வந்தவர் அதே வேகத்தில் நான்காவதுக்கும் “இல்லை” என்பார். நீட்டுவதில் தொல்லை இல்லை என்பது அவர் கருத்து. தாளில் விழுவதோ ஒருபோதும் நீட்ட முடியாது என்று.

இதன் விளைவைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். மற்ற ஐந்து கேள்விகளுக்கும் 1, இந்த இரண்டுக்கும் 0 என்றால் கூட்டல் 5, புள்ளி 82.1. இந்த இரண்டும் தவறாக 4 என்று விழுந்தால் கூட்டல் 13, புள்ளி 53.6. அதே முட்டிதான், வித்தியாசம் 28 புள்ளிக்கும் மேல். தீர்வு எளிது: இந்த இரண்டு கேள்விக்கும் மேலே ஒரு கோடு போட்டு, “இனி வரும் இரண்டும் உங்களால் செய்ய முடிகிறதா என்பதைப் பற்றியவை” என்று ஒரு வரி சேர்க்கலாம். பதிலிலும் வெறும் “எப்போதும்” என்று நிறுத்தாமல் “எப்போதும் முடிகிறது”, “ஒருபோதும் முடிவதில்லை” என்று முழுதாக எழுத வேண்டும். “எப்போதும் இல்லை” என்பதை மட்டும் எந்தக் கேள்வியிலும் போட வேண்டாம். ஒருவர் அதை அறவே இல்லை என்று படிப்பார், இன்னொருவர் சில நேரம் உண்டு என்று படிப்பார்.

பதில் சொற்களில் அடுத்த பள்ளம் “மிதமான”. ஐந்து நிலைகளில் நடுவில் இருப்பதற்கு மொழிபெயர்ப்பாளர்கள் வழக்கமாக இதைத்தான் எடுப்பார்கள். பேச்சில் மிதமான சூடு, மிதமான காரம் என்றால் இதமானது, தொந்தரவு தராதது. வலியில் “லேசாக” என்பதைவிட “மிதமாக” குறைவு என்று நினைப்பவர்கள் உண்டு. நடுநிலைக்கு “ஓரளவு அதிகமாக” என்பது பாதுகாப்பு. சோதிக்கச் செலவே இல்லாத வழி ஒன்று: ஐந்து சொற்களையும் ஐந்து அட்டைகளில் எழுதிக் கலைத்துக் கொடுத்து, குறைந்ததிலிருந்து கூடியது வரை அடுக்கச் சொல்லுங்கள். படிக்காதவருக்கு இரண்டிரண்டாக வாசித்துக் காட்டி எது அதிகம் என்று கேட்கலாம். பத்தில் இரண்டு பேர் வரிசை மாற்றி அடுக்கினாலும் அந்தச் சொற்தொகுதியை மாற்றியாக வேண்டும். பெரும்பாலான கேள்விகளில் இந்தச் சொற்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. இது ஆட்டம் கண்டால் மற்றதைச் சரி செய்து பயனில்லை.

கேள்விகள் எந்தக் காலத்தைப் பற்றியவை என்று சொல்லும் “கடந்த வாரம்” என்பதும் அப்படித்தான். போன ஞாயிறு முதல் சனி வரையா, இன்றிலிருந்து பின்னோக்கியா? “இன்றோடு சேர்த்துக் கடந்த 7 நாட்களில்” என்று போட்டால் குழப்பமில்லை.

இனி பர்மாவுக்கே உரிய சங்கதி. 1960களில் தனியார் பள்ளிகள் அரசுடைமையான பிறகு தமிழ்ப் படிப்பு கோயில் வகுப்புகளோடு சுருங்கிவிட்டது. இன்று முட்டி வலியோடு வருபவர்களில் பலர் வீட்டில் தமிழ் பேசுவார்கள், பிசிறில்லாமல் பேசுவார்கள், ஆனால் வாசிப்பது பர்மிய எழுத்து. தமிழ்த் தாளை நீட்டினால் மரியாதைக்காக வாங்கிக்கொண்டு, பக்கத்தில் இருக்கும் மகளிடம் கொடுப்பார்கள். மகள் கேள்வியைச் சுருக்கிக் கேட்பாள், அல்லது கேட்காமலேயே “அம்மாவுக்குப் படியேற ரொம்பக் கஷ்டம்” என்று தானே டிக் அடிப்பாள். அந்தத் தாளில் இருப்பது மகளின் கணிப்பு.

ஆகவே இங்கே கூஸைப் பெரும்பாலும் வாசித்துக் காட்டித்தான் நிரப்ப வேண்டியிருக்கும். கூஸ் தானே படித்து நிரப்புவதற்காகச் செய்யப்பட்டது என்பதால் சில கட்டுப்பாடுகள் அவசியம். வாசிப்பவர் அந்த நோயாளிக்குச் சிகிச்சை தருபவராக இருக்கக் கூடாது. இருந்தால் “நல்லா ஆயிடுச்சு தம்பி” என்ற பதில்தான் வரும். கேள்வியைத் தாளில் உள்ளபடியே வாசிக்க வேண்டும், விளக்கக் கூடாது. புரியவில்லை என்றால் இரண்டாம் முறையும் அதே சொற்கள். ஐந்து பதில்களையும் சிறிதிலிருந்து பெரிதாகும் ஐந்து வட்டங்களாக வரைந்த அட்டை ஒன்று நோயாளியின் கையில் இருக்கட்டும். சொல்லையும் கேட்டு, வட்டத்தையும் தொட்டுக் காட்டட்டும். திறனைக் கேட்கும் அந்த இரண்டு கேள்விக்கும், எத்தனை முறை என்று கேட்கும் கேள்விகளுக்கும் இந்த அட்டை பொருந்தாது, அவற்றை வாயால்தான் கேட்க வேண்டும். முதல் முறை வாசித்துக் காட்டியவருக்கு அடுத்த முறையும் வாசித்தே காட்ட வேண்டும். முதலில் தமிழ் என்றால் கடைசி வரை தமிழ். முறையும் மொழியும் இடையில் மாறினால், புள்ளி மாறியது முட்டியாலா தாளாலா என்று பிரித்துச் சொல்ல முடியாது.

வாசித்துக் காட்டும் தாளுக்கு மொழிநடையும் வேறு. “தாங்கள் மாடிப்படிகளில் இறங்குகையில் அனுபவித்த சிரமத்தின் அளவு யாது” என்பது காதில் ஏறாது. “மாடிப்படி இறங்க எவ்வளவு சிரமமாக இருந்தது?” போதும். உடலைச் சொல்லும் சொல் “முழங்கால்” என்று ஒரு முறை, அடைப்புக்குறியில் “முட்டி” என்று ஒரு முறை. அதற்குப் பிறகு ஒன்றையே கடைசி வரை பிடித்துக்கொள்ளுங்கள். வெறும் “கால்” என்று போட்டால் கணுக்கால் வலியும் தொடை வலியும் உள்ளே வந்துவிடும். மூட்டு மாட்டிக்கொள்வதற்குப் “பிடித்துக்கொள்கிறதா” என்று எழுதினால், கெண்டைக்கால் சதை பிடித்ததை நினைத்துப் பதில் சொல்வார்கள். “அசைக்கும்போது முட்டி நடுவில் மாட்டிக்கொண்டு நகராமல் நிற்கிறதா” என்று நீட்டித்தான் கேட்க வேண்டும். விறைப்புக்கும் மரத்துப்போவதற்கும் வித்தியாசம் காட்ட, மூலப் படிவத்திலேயே உள்ள விளக்கத்தை விடாமல் சேர்க்கவும்: முட்டியை அசைக்கும்போது தோன்றும் தடை அல்லது மந்தம்.

அன்றாட வேலைப் பகுதியில் நான்கைந்து கேள்விகள் இங்குள்ள வாழ்க்கையோடு முட்டுகின்றன. காலுறை போடுவது ஒன்று, கழற்றுவது ஒன்று. செருப்போடு நடமாடும் ஊரில் காலுறை யார் போடுகிறார்கள்? அதற்காகச் சிலர் லுங்கி உடுத்துவது என்று மாற்றுகிறார்கள். அது சரிப்படாது. காலுறைக் கேள்வி அளப்பது, முட்டியை மடக்கிப் பாதத்தைக் கைக்கு எட்டும் தூரத்துக்குக் கொண்டுவந்து அங்கேயே சற்று வைத்திருக்கும் திறனை. லுங்கிக்கு அது தேவையில்லை. “காலுறை அல்லது வார் வைத்த செருப்பு மாட்ட”, “காலுறை அல்லது வார் வைத்த செருப்பைக் கழற்ற” என்பது அசைவைக் காப்பாற்றும். குளியல் தொட்டிக்குள் இறங்கி ஏறுவதும் இப்படியே. தொட்டி இல்லாத வீட்டில் கேள்வியின் உயிர், விளிம்பைத் தாண்டிக் காலைத் தூக்கி வைத்து ஒற்றைக் காலில் பாரம் போடுவது. “குளிக்கும் இடத்தின் திட்டைத் தாண்டி உள்ளே போய் வெளியே வர” என்றால் அந்த உயிர் நிற்கும். “குளிக்க” என்று மட்டும் போட்டால் போய்விடும். காரில் ஏறி இறங்கும் கேள்வியில் டாக்ஸியைச் சேர்க்கலாம். பின்பக்கப் படி வைத்த லைன் காரைச் சேர்க்கக் கூடாது. அதன் படி உயரம், அதில் ஏறுவது வேறு வகை வேலை.

கழிப்பறைக் கேள்வியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் தவறு கண்ணுக்கே தெரியாது. அறுவைக்கு முன் குந்தி உட்காரும் கழிப்பறை. அறுவைக்குப் பின் பிள்ளைகள் நாற்காலி வகை வாங்கி வைத்துவிடுகிறார்கள். முட்டி மாறாவிட்டாலும் புள்ளி ஏறும். கேள்வியை மாற்றத் தேவையில்லை. அதன் பக்கத்தில் எந்த வகைக் கழிப்பறை என்று குறிக்க ஒரு கட்டம் போட்டு, புள்ளியில் சேர்க்காமல் பதிவு செய்தால் போதும். ரங்கூன் நடுநகரில் லிப்ட் இல்லாத மாடிக் குடியிருப்புகள் இருப்பதால் எத்தனையாவது மாடி என்பதையும் அதே போலக் குறித்து வையுங்கள். கீழ் வீட்டுக்காரரின் “லேசான சிரமம்” வேறு, ஆறாம் மாடிக்காரரின் “லேசான சிரமம்” வேறு.

விளையாட்டுப் பகுதியைப் பார்த்ததும் “இவர்களுக்கு எதற்கு இது” என்று கிழித்துவிடுகிறவர்கள் உண்டு. அதைச் செய்யக் கூடாது. அந்த ஐந்தில் இரண்டு குந்துவதும் மண்டியிடுவதும். மேற்கத்திய நோயாளிக்கு அவை தோட்ட வேலையும் விளையாட்டும். நம்மவருக்கு அடுப்படி, பாத்திரம் தேய்ப்பது, கோயிலில் விழுந்து கும்பிடுவது, பகோடாவில் மண்டியிட்டுத் தொழுவது. கூஸை நாங்கள் பரிந்துரைக்க முதல் காரணமே இந்த இரண்டு கேள்விகள். பகுதியின் தலைப்பை மட்டும் “விளையாட்டு” என்று விடாமல் “குந்துதல், மண்டியிடுதல், ஓடுதல் போன்ற கடினமான அசைவுகள்” என்று எழுதினால் வயதானவர்கள் காலியாக விடமாட்டார்கள். ஓடுவதையும் குதிப்பதையும் செய்தே இருக்காதவர்கள் என்ன பதில் சொல்ல வேண்டும் என்பதற்கு முன்கூட்டியே ஒரே விதி வகுத்து எல்லா வாசிப்பாளர்களுக்கும் சொல்லிவிடுங்கள்.

படிவத்தின் பெரிய குறை: சம்மணம் போடுவது பற்றி ஒரு கேள்வியும் இல்லை. ஆழமாக மடங்கும் முட்டியை இதைவிடத் தெளிவாகக் காட்டும் அசைவு நமக்கு வேறில்லை. ஆனாலும் அதை 43ஆம் கேள்வியாகச் செருகக் கூடாது. செருகினால் அது கூஸ் அல்ல, பிற ஆய்வுகளோடு ஒப்பிட முடியாது. தனித் தாளில், தனித் தலைப்பில், தனிக் கணக்கில் வைக்கலாம்.

மொழிபெயர்ப்பு முறைக்கு 2000இல் பீட்டன் என்ற ஆய்வாளரும் கூட்டாளிகளும் வகுத்த வழியே இன்றும் பரவலாகப் பின்பற்றப்படுகிறது. இருவர் தனித்தனியாகத் தமிழாக்க வேண்டும். ஒருவர் மருத்துவம் அறிந்தவர், மற்றவர் எதை அளக்கிறோம் என்பதே தெரியாதவர். இரண்டையும் இணைத்து ஒன்றாக்கி, மூலத்தைப் பார்க்காத இருவரிடம் ஆங்கிலத்துக்குத் திருப்பித் தர வேண்டும். பிறகு குழு கூடி முடிவெடுத்து, 30 முதல் 40 நோயாளிகளிடம் முன்சோதனை. வேலை தொடங்கும் முன் உருவாக்கியவர்களுக்குத் தெரிவித்து, ஏற்கெனவே தமிழில் என்ன இருக்கிறது என்று கேட்டுக்கொள்வது நல்லது. இருப்பதை எடுத்துப் பர்மாவுக்கு ஏற்பத் திருத்துவது புதிதாகச் செய்வதைவிடப் பாதி வேலை.

திருப்பி மொழிபெயர்த்தது மூலத்தோடு அழகாகப் பொருந்திவிட்டது என்று பலர் அங்கேயே நின்றுவிடுகிறார்கள். அந்தப் பொருத்தத்துக்கு அதிக மதிப்புக் கொடுக்க வேண்டாம். சொல்லுக்குச் சொல் வைத்த மோசமான தமிழ்தான் ஆங்கிலத்துக்கு மிக அழகாகத் திரும்பும். “மிதமான” என்பதும் பிசகில்லாமல் திரும்பி வரும். உண்மை வெளிப்படுவது முன்சோதனையில், நோயாளி பதில் சொன்ன பிறகு “இந்தக் கேள்வி என்ன கேட்கிறது, உங்கள் வார்த்தையில் சொல்லுங்கம்மா” என்று கேட்கும்போதுதான். பணமும் நேரமும் குறைவென்றால் வேறெங்காவது சிக்கனம் பிடியுங்கள், இங்கே வேண்டாம்.

அடுத்தது தாள் நம்பகமானதா என்ற சோதனை. அதே நோயாளியிடம் ஒன்று இரண்டு வார இடைவெளியில் மீண்டும் கேட்க வேண்டும். குறைந்தது 50 பேர் வேண்டும், 100 இருந்தால் நல்லது. இடைவெளியில் புதிய ஊசியோ பயிற்சியோ தொடங்கக் கூடாது. தீமிதி, காவடி, சைத்தியோ மலைப் பயணம் போன்றவை நடுவில் விழாமல் நாள் பார்த்துக்கொள்ளுங்கள். முட்டி உண்மையாகவே மாறிவிட்டால் சோதனை கெட்டுவிடும். இரண்டாம் முறை “போன தடவையைவிட முட்டி எப்படி இருக்கிறது” என்று கேட்டு, மாற்றமில்லை என்றவர்களை மட்டும் கணக்கில் சேர்க்க வேண்டும். இரு முறைக்குமான உள்தொடர்பு எண் (ICC, இரண்டு முறை வந்த புள்ளிகளும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதன் அளவு) 0.70க்குக் குறையக் கூடாது. ஒரு பகுதியின் கேள்விகள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் க்ரோன்பாக் ஆல்பா ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனியாக 0.70க்கும் 0.95க்கும் இடையில் இருக்க வேண்டும். அன்றாட வேலைப் பகுதியில் 17 கேள்விகள் இருப்பதால் ஆல்பா தானாகவே உயரும், அங்கே 0.96 வந்தால் பெருமைப்பட ஒன்றுமில்லை, கேள்விகள் ஒன்றையொன்று திருப்பிச் சொல்கின்றன என்று பொருள்.

இவற்றைவிட மருத்துவருக்கு உதவும் எண், தாளின் இயல்பான ஆட்டத்தைத் தாண்டிய மிகச் சிறிய மாற்றம். உதாரணமாக, நியமவிலக்கம் (நோயாளிகளின் புள்ளிகள் சராசரியிலிருந்து சிதறியிருக்கும் அளவு) 18, உள்தொடர்பு 0.85 என்று வைத்துக்கொண்டால் அளவீட்டுப் பிழை 18ஐ 0.15இன் வர்க்கமூலத்தால் பெருக்கினால் வருவது, சுமார் 7. அதை 2.77ஆல் பெருக்கினால் 19. அதாவது ஒரு தனி ஆளின் புள்ளி 19க்குக் குறைவாக ஏறினால் குணம் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. படிவத்தின் பயனர் கையேடு 8 முதல் 10 புள்ளியை நோயாளி உணரக்கூடிய மாற்றமாகச் சொன்னது. அதை ஒற்றை ஆளுக்குப் பொருத்துவதில் இங்கேதான் சிக்கல். 50 பேர் கொண்ட குழுவின் சராசரிக்கு அந்த 19ஐ 50இன் வர்க்கமூலத்தால் வகுக்கலாம், 2.7 ஆகிவிடும். குழுவை ஒப்பிட கூஸ் கூர்மையானது. ஒரு நோயாளியிடம் “தேறிவிட்டீர்கள்” என்று சொல்ல அது மட்டும் போதாது.

அச்சடிப்பதிலும் கவனம் தேவை. தமிழ்ச் சொற்கள் நீளமானவை. ஐந்து பதிலை ஒரே வரியில் வைத்தால் “மிகக் கடுமையாக” இரண்டாம் வரிக்கு இறங்கி, கட்டம் பக்கத்துச் சொல்லின் கீழ் நிற்கும். கட்டத்தை ஒவ்வொரு சொல்லுக்கும் நேர் கீழே பூட்டி, எழுத்தளவு 14 வைத்து, பிடிஎஃப் ஆக்கி அனுப்புங்கள். வேறு கணினியில் எழுத்துரு மாறி உடைவதைத் தவிர்க்க அது நல்ல வழி. இரு பக்கமும் அச்சடிக்க வேண்டாம். பின்பக்கம் காலியாகத் திரும்பிவரும் தாள்களுக்கு அதுதான் முக்கியக் காரணம்.

42 கேள்வி நீளம் என்று நினைப்பவர்களுக்கு: கூஸ்-12 என்ற சுருக்கத்தில் குந்துவதும் மண்டியிடுவதும் விடுபட்டுப்போகின்றன, எங்களுக்கு அது உடன்பாடில்லை. 7 கேள்விகள் மட்டும் உள்ள கூஸ்-பிஎஸ் இரண்டையும் வைத்திருக்கிறது, ஆனால் வலியை அளக்காது, புள்ளிக்குத் தனி மாற்று அட்டவணை வேண்டும். ஆக்ஸ்போர்டு படிவம் 12 கேள்விதான், வாசித்துக் காட்ட எளிது. மூட்டு மாற்று அறுவைக்கு மட்டும் என்றால் நல்ல தேர்வு, உரிமம் பெற வேண்டும், கேட்பது நான்கு வார நிலையை. ஜவ்வு கிழிந்த இளைஞர், மூட்டு தேய்ந்த பாட்டி இருவரும் வரும் இடத்துக்கு முழுக் கூஸ்தான். நேரமில்லாத முகாம் நாளில் வலிப் பகுதியையும் குந்துதல் இருக்கும் பகுதியையும் மட்டும் முழுதாக வாசித்து நிரப்பினாலும் தவறில்லை. பகுதிகள் தனித்தனியாகக் கணக்கிடப்படுபவை. எந்தெந்தப் பகுதி கேட்கப்பட்டது, யார் வாசித்தார், எந்த மொழி என்பதை மட்டும் ஒவ்வொரு தாளின் தலைப்பிலும் எழுதிவிடுங்கள்.